மீரா சாகிப்பின் கட்டைவிரலும் நோன்பு மாசமும்

மீரா சாகிப்புக்குக் கையில் நோவு வந்தது எண்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் இருந்தன, பொத்தானும் இருந்தது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் இல்லை. ராத்திரி கைமேல் படுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மனைவி காத்தூன் பீவியைக் கூப்பிட்டுப் பொத்தானைப் போடச் சொன்னார். மறுநாளும் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து நாளில் இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் உப்பிக்கொண்டு, தொட்டால் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டன.

வேறு தொழில் செய்கிறவராக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கலாம். இவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். சொந்த ஊர் காங்கேயம். அவருடைய அத்தா அங்கே எண்ணெய் மில்லில் கொப்பரை காயப்போட்டவர். அந்த எண்ணெய் வாடை பிடிக்காமல் பதினாறு வயதில் பஸ் ஏறி வந்தவர்தான் மீரா சாகிப். நாற்பது வயதுக்குள் அவருக்குத் தெரிந்த உலகம் ஒரு நீள மேஜை. அதன்மேல் துணியை அடுக்கடுக்காக விரித்துப் போடுவார்கள். இவர் அட்டையை வைத்துக் கோடு போட்டு, முழங்கை நீளக் கத்திரியால் கை, கழுத்து, உடம்பு என்று வெட்டித் தள்ளுவார். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கட்டிங் மெஷின் வந்துவிட்ட காலம் அது. இவருடைய முதலாளி பெருமாள்சாமி மட்டும், மாஸ்டரின் கை இருக்கும்போது மெஷின் எதற்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பாராட்டே இப்போது கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது.

கத்திரியின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அது நுழைந்தால் அவர் மாஸ்டர், நுழையாவிட்டால் யாரோ ஒரு மனிதர். ஊரில் வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

காலையில்தான் விரல் மடங்காது, வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். அதனால் காலையில் வந்ததும் வெட்டுவதை நிறுத்தி, பத்தரை மணி வரை கோடு மட்டும் போடுவது என்று வேலையை மாற்றி வைத்துக்கொண்டார். நடுவில் டீ வரும். சூடான டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். மாஸ்டருக்கு டீப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கம்பெனியில் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். மேஜையின் அந்தப் பக்கம் நின்று துணி விரிக்கிற கிட்டுசாமி. எதிரிலேயே நிற்கிறவரிடம் எதை மறைக்க முடியும்?

"கை சரியில்லீங்களா மாஸ்டர்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மெல்லப் பேசுங்க கிட்டு."

"மெல்லத்தானுங்க பேசறேன். எங்க சித்தப்பனுக்கு இப்படித்தான் இருந்துச்சு. சரவாங்கி, மூட்டு வாதமுங்க."

பெயர் தெரிந்துவிட்டால் பாதி நோய் போய்விடும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்குச் சரவாங்கி வந்ததில்லை. பெயர் தெரிந்த பிறகு வந்தது வைத்தியம் சொல்கிற கூட்டம். எல்லோரிடமும் ஒரு பண்டத்தை நிறுத்தச் சொல்லும் யோசனை இருந்தது. கத்தரிக்காய் கரப்பான் என்றார் ஒருவர். உருளைக்கிழங்கு வாயு. தயிர் நீர் கோர்க்கும். புளி மூட்டைப் பிடிக்கும். நிலக்கடலை பித்தம். ஒருவர் ஆட்டிறைச்சியே ஆகாது என்றார். அவர் போன பின் வந்தவர், ஆட்டுக்கால் சூப்பை விடவே கூடாது என்று சத்தியம் செய்தார். எல்லார் பேச்சையும் கேட்டால் மீரா சாகிப்புக்கு மிஞ்சுவது வெந்நீர் மட்டும்தான். நல்ல சாப்பாட்டுக்காரர் அவர். ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாலு நாளில் கை தேறவில்லையென்றால் பழிவாங்குவது போல அதையே இரண்டு பங்கு சாப்பிடுவார்.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார். இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று வலிக்கு. இன்னொன்று மலேரியாவுக்குக் கொடுப்பதாம், இதற்கும் கேட்குமாம். காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு. கொசுக்கடிக்கும் விரல் வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு யோசனை ஓடியது. கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எண்பத்தேழாம் வருஷத்து ரம்ஜான் சித்திரை பிறந்து பாதியில் வந்தது. அக்னி நட்சத்திரம் முழுக்க நோன்புக்குள்ளேயே அடங்கிப் போயிற்று. அந்த வெயிலில் வாயில் தண்ணீர் படாமல் நின்று வெட்ட வேண்டும் என்று நினைத்தாலே தலை சுற்றியது. கையும் இப்படி இருக்கிறது, இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று காத்தூன் பீவி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நோன்பு போயிருக்கும். ஒரு காலையில் வழக்கம் போலக் கோடு போட அட்டையை எடுத்தார். எதற்கோ கத்திரியைத் தள்ளி வைக்கப் போனார், கட்டைவிரல் சும்மா வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. டீயும் இல்லை, சூட்டு டம்ளரும் இல்லை. விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார். போயிற்று.

"கிட்டு, இங்க பாருங்க!"

கிட்டுசாமி மேஜையைச் சுற்றி ஓடி வந்தார். இரண்டு பேரும் ஒரு விரலைக் குனிந்து குனிந்து பார்த்ததை ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டு, மாஸ்டருக்கு மோதிரம் ஏதோ வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பெருநாள் வந்தது. பிரியாணி, பாயசம், சொந்தக்காரர் ஊடுகளில் விருந்து. பத்து நாளில் கை பழையபடி உப்பிக்கொண்டது. மீரா சாகிப்புக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் யோசனை வந்தது. திறந்தது ஏன், மூடியது ஏன்? அந்த ஒரு மாசத்தில் தனக்கு என்ன நடந்தது? ஒருத்தன் ஊட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டால், அவன் யாரென்று தேடாமல் இருக்க முடியுமா?

கிட்டுசாமியிடம் விடை தயாராக இருந்தது. "வெயிலுங்க மாஸ்டர். அக்னி நட்சத்திரத்துல இரும்பே இளகும், மூட்டு இளகாதா? மார்கழி வரட்டும், பாருங்க, இறுக்கிப் புடிக்கும்."

காத்தூன் பீவியிடம் வேறு விடை இருந்தது. "நோன்புக் கஞ்சிதானுங்க. அதுல வெந்தயம் போடறேன், பூண்டு போடறேன், இஞ்சி போடறேன். மருந்துக் கடையில என்ன இதைவிடப் பெருசா வச்சிருக்கான்?"

பள்ளிவாசல் இமாம், எல்லாம் அந்த மாசத்தின் பரக்கத், இறைவனின் அருள் என்றார். அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது போலத் தாடியைத் தடவிக்கொண்டார்.

மீரா சாகிப் மனைவியின் கட்சியில் சேர்ந்தார். அதில்தான் சாப்பிட ஏதோ இருந்தது. அன்று முதல் அந்த ஊட்டில் வருஷம் பூராவும் நோன்புக் கஞ்சி கொதித்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால். ஒரு தூக்குப்போசி நிறையக் கம்பெனிக்கும் எடுத்துக்கொண்டு போவார். ஆடியில் கஞ்சி, ஆவணியில் கஞ்சி. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் அந்த வாசனை அடிக்க, பக்கத்து ஊட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பாய், உங்களுக்கு மட்டும் பிறை தெரிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டார். காத்தூன் பீவி சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

கஞ்சியால் பலன் அடைந்தவர் கிட்டுசாமிதான். மத்தியானம் பாதிப் போசியை அவர் காலி செய்துவிடுவார். அவர் மனைவி மயிலாள் ஊட்டுக்கு வந்து செய்முறை கேட்டுக்கொண்டு போகிற அளவுக்கு ஆயிற்று. மாஸ்டரின் கை மட்டும் அசையவில்லை. மார்கழியில் கிட்டுசாமி சொன்ன மாதிரியே இறுக்கிப் பிடித்தது. அடுத்த ரம்ஜானில் மறுபடி இளகியது.

"பாத்தீங்களா?" என்றார் கிட்டுசாமி. "கஞ்சி வருஷம் பூராத்தான் குடிச்சீங்க. எளகுனது சித்திரையிலதானுங்க."

வெயிலும் நோன்பும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்ல? அதை யோசித்துக்கொண்டே இருந்தவருக்கு, துணியில் கோடு போடும்போது ஒரு நாள் பட்டென்று புரிந்தது. பிறை பார்த்து வருகிற மாசம் வெயிலுக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். இன்னும் சில வருஷத்தில் நோன்பு ஒரு பக்கம், அக்னி நட்சத்திரம் ஒரு பக்கம் என்று இரண்டும் பிரிந்து போகும். அப்போது தெரிந்துவிடும்.

"அதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகுமுங்களே மாஸ்டர்!"

"கை எங்க போகப் போவுது? இருந்து பாப்போம்."

வெயில் பக்கம் கிட்டுசாமி, நோன்பு பக்கம் மாஸ்டர், ஜெயித்தவருக்குத் தோற்றவர் ஊட்டில் விருந்து என்று முடிவாயிற்று. நோவுக்காரர் தன் நோவை வைத்துப் பந்தயம் கட்டியதை ஊரில் வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தப் பந்தயம் அவருக்கு நல்லது செய்தது என்றுதான் சொல்வேன். காலையில் விரல் மடங்காதபோது முன்பெல்லாம் பயம் மட்டும் வந்தது. இப்போது அதோடு கூட, இன்றைக்கு என்ன சொல்கிறது பார்ப்போம் என்று ஒரு ஆவலும் வந்தது. ஓரளவுக்கு அந்த ஆவல்தான் அவரை மேஜையில் நிற்க வைத்தது.

தொண்ணூற்றிரண்டில் ரம்ஜான் மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. காலையில் குளிர் இன்னும் விடவில்லை. விடிவதற்கு முன் சஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டைவிரல் வளையத்துக்குள் போயிற்று. கிட்டுசாமி துணியை விரித்துக்கொண்டே போனார். பிறகு பெருநாள் முடிந்து, சித்திரை பிறந்து, அக்னி நட்சத்திரம் வந்தது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அந்த வெயிலில் மீரா சாகிப்பின் விரல்கள் பலாக்கொட்டை மாதிரி வீங்கிக் கிடந்தன. இரும்பு இளகியிருக்கலாம், இவர் மூட்டு இளகவில்லை.

"சரிங்க, நான் தோத்துட்டேன்," என்றார் கிட்டுசாமி. மயிலாள் நாட்டுக்கோழி அடித்து விருந்து வைத்தாள். வீங்கிய விரலோடு உட்கார்ந்து மீரா சாகிப் ஜெயித்த கோழியைச் சாப்பிட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு. வெயில் இல்லை, கஞ்சி இல்லை என்று கழித்துவிட்டால் மிச்சம் பட்டினிதானே என்று கணக்குப் போட்டார். அப்படியானால் பட்டினிதான் மருந்து. அதை வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் ஏன் சாப்பிட வேண்டும்? திங்களும் வியாழனும் உபரி நோன்பு வைக்கிற வழக்கம் ஏற்கெனவே உண்டு, அதை ஆரம்பித்தார். கை லேசாகத் தணிந்தது போலத் தெரிந்தது. அடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். நோன்பு இல்லாத நாளிலும் கறி, முட்டை, மீன், பால், பருப்பு எல்லாவற்றுக்கும் தடை. நல்ல சாப்பாட்டுக்காரர் வைராக்கியம் பிடித்தால் கெட்ட சாப்பாட்டுக்காரரைவிட மோசம். கடைசியில் மாத்திரையையும் ஓரங்கட்டினார். மருந்துதான் கிடைத்துவிட்டதே, மாத்திரை எதற்கு?

"கன்னம் ஒட்டிப் போச்சுங்க," என்று காத்தூன் பீவி அழாத குறையாகச் சொன்னாள்.

"வீக்கம் வத்துது, அப்படித்தான் இருக்கும்."

வற்றியது வீக்கம் மட்டுமா? கல்யாணத்தில் எடுத்த பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கையைத் திருப்பிப் பார்த்தால், கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாகியிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் கணுக்களின் மேல்தான்.

ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின வாரம். கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. கிட்டுசாமி தடிமனாகத் துணி விரித்துவிட்டார். மீரா சாகிப் கத்திரியை எடுத்தார். விரல் சுலபமாக உள்ளே போயிற்று. சந்தோஷமாகக் கழுத்து வளைவில் கத்திரியை வைத்து அழுத்தினார். கத்திரி மூடவில்லை. இன்னும் அழுத்தினார். விரலில் வலி இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை, பலம்தான் இல்லை. உடம்பு முழுவதையும் சாய்த்து ஒரு அழுத்து அழுத்தியதில் கத்திரி வழுக்கிக்கொண்டு போய், கழுத்தில் தொடங்கித் தோள் வரை கோணல்மாணலாகக் கிழித்தது. அடியில் இருந்த அடுக்கு முழுவதும் அதே கோணலில்.

கம்பெனியில் எல்லா மெஷினும் நின்றன. பெருமாள்சாமி வந்தார். துணியைப் பார்த்தார். இருபது வருஷத்தில் இந்த மேஜையில் இப்படி நடந்ததில்லை.

"கையைக் காட்டுங்க மாஸ்டர்," என்றார்.

மீரா சாகிப் காட்டினார். ஆறு வருஷமாக மறைத்த கை.

முதலாளி அதைத் தன் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இத்தன நாளா ஏனுங்க என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது, துணிக்காக அல்ல. மீரா சாகிப்புக்கு அது இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. மறுநாள் பெருமாள்சாமியின் காரிலேயே கோயம்புத்தூர் போனார்கள்.

இந்தத் தடவை பார்த்தது மூட்டு நோவுக்கென்றே படித்த டாக்டரம்மா. நாற்பது வயது இருக்கும், அவசரம் இல்லாத முகம். விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். எடை பார்த்ததும் நிமிர்ந்து, "என்ன சாப்பிடறீங்க?" என்றார். அவ்வளவுதான், மீரா சாகிப் வெயில், கஞ்சி, பிறை, பந்தயம், நாட்டுக்கோழி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கூட வந்த காத்தூன் பீவி வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க பாத்தது நெஜம்தான்," என்றார் கடைசியில். "வெளிநாட்டுலயும் இதைப் பாத்திருக்காங்க. பட்டினி போட்டா சில பேருக்கு வீக்கம் தணியுது. சாப்பிட ஆரம்பிச்சதும் பெரும்பாலும் திரும்பி வந்துடுது."

மீரா சாகிப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்கம்மா அப்படி?"

"உடம்புக்குள்ள கிருமி வந்தா அதை எரிச்சு விரட்ட ஒரு சூடு கெளம்பும். புண்ணு பட்ட இடம் செவந்து வீங்குதில்லையா, அது அந்தச் சூடுதான். அழற்சின்னு சொல்லுவோம். உங்க உடம்பு தன் மூட்டையே கிருமின்னு தப்பா நெனச்சு எரிச்சுட்டு இருக்கு. வயித்தைக் காயப்போட்டா அந்தச் சூடு கொஞ்ச நாள் அடங்கும். ஏன்னு முழுசா எங்களுக்கே இன்னும் தெரியல. ஆனா எரியற உடம்புக்குச் சாதாரண ஆளைவிடக் கூடுதலாச் சத்து வேணும். நீங்க கொடுக்கல. அது உங்க சதையை எடுத்துக்கிச்சு."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பி முதல்முறையாக அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு கேக்கறேன்," என்றார் டாக்டரம்மா. "நோன்பு மாசத்துல அந்த மாத்திரையை எப்ப சாப்பிடுவீங்க?"

அதற்குக் காத்தூன் பீவிதான் பதில் சொன்னாள். "சஹர் சாப்பாட்டுக்கு ஒண்ணு, நோன்பு தொறந்து சாப்பிட்டதும் ஒண்ணு. நானே எடுத்துக் குடுத்துருவேனுங்க."

"மத்த மாசத்துல காலை மாத்திரை?"

காத்தூன் பீவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற மாசங்களில் அவர் காலையில் ஊட்டில் சாப்பிடுவதே கிடையாது. கம்பெனியில் டீயும் பன்னும்தான். சாப்பிட்ட பிறகு என்று சொன்ன மாத்திரை அலமாரியில் சாப்பாட்டுக்காகக் காத்துக்கிடக்கும். வருஷத்தில் ஒரு மாசம் மட்டும்தான் விடிவதற்கு முன்னால் வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு வேளை மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போயிருக்கிறது. ஆறு வருஷமாக அவர் வானத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அந்த அலமாரியைப் பார்க்கவில்லை.

மீரா சாகிப் சிரித்துவிட்டார். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "அப்ப எளகுனது நோன்பாலயா, மாத்திரையாலயா?"

"ரெண்டும் சேர்ந்துதான். எது எவ்வளவுன்னு கேட்டா, நானும் உங்களை மாதிரிப் பந்தயம்தான் கட்டணும்," என்று அவரும் சிரித்தார்.

சிரிப்பு முடிந்ததும் நேராகப் பேசினார். இடது கையில் இரண்டு விரல்கள் இனி நிமிராது, காலம் கடந்துவிட்டது. வலது கையைக் காப்பாற்றப் பார்க்கலாம். புது மாத்திரை ஒன்று, வாரத்தில் ஒரே ஒரு நாள், மறந்தும் தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பலன் தெரியப் பல வாரம் ஆகும். முட்டை, மீன், பாசிப்பயறு, நிலக்கடலை, கீரை, பழம் எல்லாம் வேண்டும். ஒரு பண்டத்தால் வீங்குகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதை மட்டும் விடலாம், ஊரார் சொல்கிறார்கள் என்று விடக் கூடாது.

"அப்புறம், வர்ற ரம்ஜானுக்கு நோன்பு வேண்டாம். ஒடம்பு தேறட்டும்."

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் நிறுத்தினார். "அம்மா, என் கை தொறக்கற ஒரே மாசம் அதுங்க."

டாக்டரம்மா அவர் கையை மறுபடி எடுத்துப் பார்த்தார். "தெரியுதுங்க," என்றார். "இந்த ஒரு வருஷம் என் பேச்சைக் கேளுங்க."

அவருக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. இமாமிடம் போய்க் கேட்டார். நோயாளிக்கு விலக்கு இருக்கிறது, தேறிய பிறகு விட்டுப்போனதை வைத்துக்கொள்ளலாம் என்று இமாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். சட்டம் ஒப்புக்கொண்டது, மனசு ஒப்புக்கொள்ளவில்லை. பெருமாள்சாமி ஒரு கட்டிங் மெஷின் வாங்கிப் போட்டு, கனமான வெட்டை அதற்கு விட்டுவிட்டு, கோடும் கழுத்தும் மாஸ்டர் கையில் என்று பிரித்துக் கொடுத்தார். வாரம் ஒரு மாத்திரை உள்ளே போயிற்று. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. வலது கையும் இடது கையின் வழிக்குப் போய்விட்டதோ என்று அவர் விடியும் வரை புரண்ட நாட்கள் உண்டு. தை நடுவில் ஒரு காலையில் காத்தூன் பீவி பொத்தான் போட வந்தபோது, சட்டை ஏற்கெனவே பொத்தான் போட்டு இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் போய்விடுமோ என்ற பயம்.

தொண்ணூற்று மூன்றில் மாசி மாசம் பிறை தெரிந்தது. தெரு முழுக்க நோன்பு. முதல் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை, நடு மத்தியானம். காத்தூன் பீவி தெருக்கதவைச் சாத்தினாள், ஜன்னலையும் சாத்தினாள். தட்டைப் போட்டுச் சோறு வைத்து, பாசிப்பயறு குழம்பு ஊற்றி, அவித்த முட்டை இரண்டைப் பக்கத்தில் வைத்தாள். விடிகாலையிலிருந்து தண்ணீர் படாத அவள் உதடு வெடித்திருந்தது. எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

மீரா சாகிப் தட்டைத் தொடாமல் இருந்தார். திருடனைப் போல ஊட்டுக்குள் ஒளிந்துகொண்டு, பட்டினியாக இருக்கிறவள் சமைத்ததை எப்படிச் சாப்பிடுவது?

"ஆறுதுங்க," என்றாள்.

அவர் கையை வைத்தார். சோற்றைப் பிசைந்தார். ஐந்து விரலும் சேர்ந்து குவிந்தன, உருண்டை பிடித்தன, கட்டைவிரல் அதைத் தள்ளி வாய்க்குள் போட்டது. அடுத்த பிடி. ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. நோன்பு மாசத்தில் அவர் கை திறந்திருந்தது, வயிற்றில் சோறு விழுந்துகொண்டிருந்தது. சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன, கண்ணில் தண்ணீர் கொட்டியது. காத்தூன் பீவி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷமும் நோன்பு வச்சுட்டு இந்தக் கையைத்தான் பாத்துட்டு இருந்தேன் காத்தூன்," என்றார். "தெனமும் எந்திரிச்சதும் தொறந்துச்சா, தொறந்துச்சான்னு. அல்லாவை நெனச்சனான்னே தெரியல. நோன்பு வேண்டாம்னு சொன்ன இந்த வருஷம்தான் அந்த ஏக்கம் வருது."

அவள் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"வந்துச்சில்ல, போதும்," என்றாள். "அடுத்த வருஷம் கையை மறந்துட்டு வைங்க. இப்ப அந்த முட்டையை முழுசாச் சாப்பிடுங்க. உங்க பங்குக்கு நான் வச்சுட்டுத்தான இருக்கேன்."

அவர் முட்டையை எடுத்தார். அதைப் பிட்டுப் பாதியை அவளுக்கு நீட்டப் போய், அவள் நோன்பு ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டு, தானே சாப்பிட்டார்.